ஒரே ஊரடங்கு, வெவ்வேறு வீடுகள்

2020 ஜூன், ஜூலை மாதங்களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 8 முதல் 18 வயது வரை 16,940 பேர் பதில் சொன்னார்கள். ஊரடங்கு வந்த பிறகு உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மோசமாகிவிட்டது என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். இன்னொரு பங்கினர் பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். மீதிப் பேர், அதாவது இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர், முன்பைவிட நன்றாக இருக்கிறோம் என்றார்கள்.

உலகமே முடங்கிக் கிடந்த நேரத்தில் இத்தனை பிள்ளைகள் நிம்மதியாக இருந்தது எப்படி? காரணத்தை அவர்கள் பதில்களிலேயே தேட முடிந்தது. நன்றாக இருந்தவர்களில் பலரும் சக மாணவர்களின் சீண்டலும் கேலியும் குறைந்ததாகச் சொன்னவர்கள், கூடுதலாகத் தூங்கியவர்கள், வீட்டாருடன் நெருக்கம் கூடியதாக உணர்ந்தவர்கள். பள்ளியில் தினமும் யாரிடமோ அவமானப்பட்டுக்கொண்டிருந்த பையனுக்குப் பள்ளி மூடியது விடுதலை. துன்புறுத்துபவர் வெளியே இருந்தார், கதவு சாத்தியாயிற்று.

இதைத் திருப்பிப் போட்டால் இந்தக் கட்டுரையின் விஷயம் வந்துவிடும். துன்புறுத்துபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அதே கதவு சாத்தப்பட்டதும் என்ன ஆகும்? அந்தப் பிள்ளை ஐந்து வயதிலிருந்தே அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்திருந்தால், பதினான்கு வயதில் வந்த கொள்ளைநோயை அவள் உடலும் மனமும் எப்படி வாங்கிக்கொள்ளும்?

குழந்தைத் துன்புறுத்தல் என்றதும் நமக்கு அடி, சூடு, பாலியல் வன்முறை ஆகியவைதான் நினைவுக்கு வரும். ஆய்வாளர்கள் வரையும் வட்டம் பெரியது. இந்தத் துறையில் அதிகம் புழங்கும் 28 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் ஐந்து வகைகளைத் தனித்தனியாக அளக்கிறது. உடல்ரீதியான வன்முறையும் பாலியல் வன்முறையும் அதில் உண்டு. ‘நீ ஏன்டா பிறந்தே’ வகைச் சொல்வன்முறை உணர்வுவதை என்று தனியாக எண்ணப்படுகிறது. மீதி இரண்டும் புறக்கணிப்பு: சோறு, துணி, மருத்துவம் கிடைக்காத புறக்கணிப்பு ஒன்று, அன்பும் கவனிப்பும் கிடைக்காத புறக்கணிப்பு மற்றொன்று. கடைசியாகச் சொன்னது வெளியே தெரியவே தெரியாது. கைநீட்டாத, குரல் உயர்த்தாத, ஆனால் பிள்ளை இருப்பதையே கவனிக்காத வீடுகள் ஏராளம்.

இப்படிக் கேள்வி கேட்டுக் கணக்கிடும் பழக்கம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவின் சான் டியாகோ நகரில். 1980களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல்பருமனுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவரைக் குழப்பியது. விசாரித்தபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பின்பு ராபர்ட் ஆண்டா என்ற தொற்றுநோயியல் அறிஞருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வில் 17,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். 1998இல் வந்த முதல் கட்டுரை, பாதகமான சிறுபருவ அனுபவங்களை வகைவகையாக எண்ணியது. நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு மனச்சோர்வு, குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள் ஒன்றுமே இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தன.

கொள்ளைநோய் வந்தபோது ஆய்வாளர்கள் கையில் இந்த அளவுகோல் தயாராக இருந்தது. 2020 பிப்ரவரியில், சீனாவின் கிராமப்புறங்களைச் சேர்ந்த 11 முதல் 18 வயதுள்ள 6,196 பேரிடம் இணையவழியாக இரண்டு விஷயங்களைக் கேட்டார்கள். கொரோனா உன்னை எவ்வளவு நெருங்கி வந்தது? அதற்கு முன்பே வீட்டில் நீ என்னென்ன பட்டிருக்கிறாய்? பதற்றத்தோடும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கலக்கத்தோடும் அதிகம் தொடர்புகொண்டிருந்தது இரண்டாவது கேள்வியின் பதில். கிருமி எவ்வளவு நெருங்கியது என்பதைவிட, கிருமி வருவதற்கு முன் அந்தப் பிள்ளை எப்படி நடத்தப்பட்டாள் என்பதே கனமான விஷயமாக இருந்தது. செய்தித்தாள்கள் நோயாளிகளின் எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்த மாதம் அது.

இது ஏன் இப்படி? ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலைசரை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் சீராக வரும் தெருவில் அது மாதக்கணக்கில் சத்தமே போடாது. வோல்டேஜ் குதித்துக் குதித்து வரும் ஊரில் அதன் ரிலே நாளெல்லாம் ‘டக், டக்’ என்று மாறிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இப்படி ஓடினால் சில பெட்டிகள் சின்ன ஏற்றத்துக்கே துண்டித்துவிடும். சிலவற்றில் ரிலேயின் முனைகள் கருகி, பெரிய ஏற்றம் வந்தாலும் அசையாமல் கிடக்கும். நம் உடலில் இந்த வேலையைச் செய்வது மூளையில் தொடங்கிச் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வரை நீளும் ஒரு தொடர். ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. நெருக்கடியில் அது தேவை. ஆபத்து போனதும் அது இறங்கவும் வேண்டும். துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளில் சிலருக்கு இது எளிதில் எகிறுகிறது. கடுமையான புறக்கணிப்பில் வளர்ந்த பலருக்கோ ஏறவேண்டிய நேரத்திலும் ஏறுவதில்லை.

ஹார்மோன் மட்டும் இல்லை, கண்ணே வேறு மாதிரிப் பார்க்கப் பழகிவிடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செத் போலாக் செய்த சோதனை ஒன்று. திரையில் ஒரு முகம் கலங்கலாகத் தோன்றும், அடையாளமே தெரியாது. படிப்படியாகத் தெளிவாகும். முகத்தில் உள்ளது மகிழ்ச்சியா, சோகமா, பயமா, கோபமா என்று குழந்தை சொல்லவேண்டும். உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்ட குழந்தைகள் கோபத்தை மட்டும் மற்றவர்களுக்கு முன்பாகவே, படம் இன்னும் கலங்கலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் புருவம் நெரியும்போதே சுதாரித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது உயிர் காக்கும் திறமை. ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. வேலை போய், கடன்காரர் தொலைபேசிக்குப் பயந்து, நாள் முழுக்க ஒரே அறையில் கடுகடுத்த முகத்தோடு பெரியவர்கள் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், இந்தக் கண்கள் ஒரு நிமிடம்கூட ஓய்ந்திருக்க முடியாது.

உளவியலில் இதற்கு உள்ள பெயரைத் தமிழில் அழுத்தக் கூருணர்வு எனலாம். பழைய துன்பம் புதிய துன்பத்தோடு வெறுமனே கூடுவதில்லை, புதியதன் எடையையே மாற்றிவிடுகிறது என்பது அதன் சாரம். கேட்டி மெக்லாஃப்லினும் சக ஆய்வாளர்களும் 34,653 அமெரிக்கர்களின் விவரங்களை வைத்து 2010இல் இதைச் சோதித்தார்கள். ஒருவர் கடந்த ஓராண்டில் பெரிய நெருக்கடிகளைச் சந்தித்திருந்தால், மனச்சோர்வு வரும் ஆபத்து எவ்வளவு கூடுகிறது? சிறுபருவப் பாதகங்கள் இல்லாதவர்களுக்கு 14.8 சதவீதம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு 27.3 சதவீதம். இடி ஒன்றுதான், விழுந்த இடம் வேறு.

கொள்ளைநோய் பழைய காயத்தைக் கிளறியதோடு நிற்கவில்லை, புதிதாகவும் உண்டாக்கியது. 2021 ஜனவரி முதல் ஜூன் வரை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், கொரோனாக் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் தங்களைத் திட்டி, மட்டம் தட்டி, அவமானப்படுத்தியதாக 55 சதவீதத்தினர் சொன்னார்கள். அடி, உதை என்று 11 சதவீதத்தினர் சொன்னார்கள். பெற்றோரில் ஒருவருக்காவது வேலை போனது 29 சதவீத வீடுகளில். இப்படிப்பட்ட அனுபவங்கள் நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் மனநலக் குறைவு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட 4 மடங்கு. தற்கொலை முயற்சி 25 மடங்கு.

25 மடங்கு என்றதும் திடுக்கிடுகிறது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். எந்தப் பாதகமும் இல்லாத பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சி மிக மிக அரிது. வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் மடங்கு பெரியதாகத்தான் வரும். மேலும், துன்பத்தையும் மனநிலையையும் ஒரே பிள்ளையிடம், ஒரே நாளில், ஒரே தாளில் கேட்டிருக்கிறார்கள். மனம் இருண்டிருக்கும் நாளில் நினைவும் இருண்டுதான் வரும். வீடும் முன்பைவிடக் கொடியதாகத் தெரியும். எது காரணம், எது விளைவு என்று அந்தத் தாளை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

நினைவு பற்றிய இந்தச் சந்தேகம் சாதாரணமானதல்ல. 2019இல் ஜெஸ்ஸி பால்ட்வின், ஆண்ட்ரியா டானீஸ் குழுவினர் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுகளில் சிலரைப் பற்றிச் சிறுவயதிலேயே பதிவு இருந்தது. சமூகப் பணியாளரோ நீதிமன்றமோ பெற்றோரோ அப்போதே சொன்ன பதிவு. அவர்களே பெரியவர்களான பின் சொன்ன நினைவும் இருந்தது. இரண்டும் பொருந்தியிருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? பதிவில் துன்புறுத்தல் இருந்தவர்களில் 52 சதவீதத்தினர் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னவர்களில் 56 சதவீதத்தினருக்குப் பழைய பதிவு இல்லை. இதை வைத்து ‘பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள்’ என்று முடிவுகட்டுவது அநியாயம். பெரும்பாலான துன்புறுத்தல் எந்தப் பதிவேட்டுக்கும் வருவதே இல்லை. நடந்ததைச் சொல்ல விரும்பாதவர்களும் உண்டு. மிகச் சிறுவயதில் நடந்தது நினைவில் தங்காது. ஆக, பதிவும் நினைவும் இரண்டு வெவ்வேறு கூட்டத்தைக் காட்டுகின்றன; ஒன்றை வைத்து மற்றொன்றை நிரப்ப முடியாது.

பதிவேட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரடங்கே சாட்சி. அமெரிக்காவில் 2020 மார்ச் கடைசி முதல் ஏப்ரல் கடைசி வரை, குழந்தைத் துன்புறுத்தல் தொடர்பாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள், முந்தைய ஆண்டின் அதே வாரங்களைவிட 53 சதவீதம் குறைவு. நல்ல செய்தி என்று சொல்லிவிடலாமா? வந்தவர்களில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் விகிதத்தைப் பாருங்கள்: 2.1இலிருந்து 3.2 சதவீதமாகக் கூடியிருந்தது. லேசான காயங்களில் பல மருத்துவமனைக்கு வரவில்லை. பலத்த காயங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்த நாட்டில் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு வரும் தகவல்களில் ஐந்தில் ஒன்று பள்ளிப் பணியாளர்களிடமிருந்து வருவது. முழங்கைக் கன்றலைப் பார்த்துவிட்டு ‘என்னம்மா இது?’ என்று கேட்கும் ஆசிரியை கணினித் திரைக்குள் போய்விட்டார். திரையில் முழங்கை தெரியாது.

இந்தியாவில் வேறொரு காட்சி. 1098 குழந்தை உதவி எண்ணுக்கு 2020 மார்ச் 20 முதல் 31 வரை 3.07 லட்சம் அழைப்புகள் வந்தன. அவற்றில் 92,105 அழைப்புகள் துன்புறுத்தலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் பாதுகாப்பு கேட்டவை. இதுவும் முழு அளவு கிடையாது. தனியாகப் பேச ஓர் இடமும் கையில் ஒரு தொலைபேசியும் கிடைத்தவர்கள், அல்லது சத்தம் கேட்டுச் சங்கடப்பட்ட அக்கம்பக்கத்தார், இவர்களின் குரல் மட்டுமே அது. 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், மூன்றில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். தமிழ்நாடு அந்த 13இல் இல்லை. ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி வைத்திருக்கும் நாம் அதை எண்ணி ஆறுதல் கொள்ளத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்கிறது. அந்தத் தடை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது.

சரி, கொரோனாக் காலத்தில் வளரிளம் பருவத்தினரின் மனநலம் மொத்தத்தில் எவ்வளவு சரிந்தது? இதிலும் இரண்டு விடைகள். 2021இல் நிக்கோல் ரசீன் குழுவினர் 29 ஆய்வுகளிலிருந்து 80,879 பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டினார்கள். மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்கள் நான்கில் ஒருவர், பதற்ற அறிகுறி உள்ளவர்கள் ஐந்தில் ஒருவர். நோய்க்கு முந்தைய மதிப்பீடுகளைவிட இது இரட்டிப்பு என்றார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நோய்க்காலத்தில் மட்டும் எடுத்த படங்கள். அதே பிள்ளை முன்பு எப்படி இருந்தாள் என்று அவற்றுக்குத் தெரியாது. 2023இல் அதே குழுவைச் சேர்ந்த ஷெரி மாடிகன் முதலானோர், ஒரே பிள்ளைகளை நோய்க்கு முன்பும் பின்பும் அளந்த ஆய்வுகளை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள். 12 நாடுகள், 40,807 பேர். மனச்சோர்வு கூடியிருந்தது உண்மை, ஆனால் முன்பு நினைத்த அளவுக்கு இல்லை. பதற்றம் இன்னும் கொஞ்சமாகவே கூடியிருந்தது. என் கணிப்பில் இரண்டாவதே நம்பத்தக்கது. ஆக்ஸ்ஃபோர்டு கணக்கைப் போல, மேலே போனவர்களையும் கீழே போனவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சிறிய எண்தான் மிஞ்சும். அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து ‘பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால், கீழே போனவர்கள் யார் என்று கேட்கவேண்டும்.

இன்னொரு நியாயமான சந்தேகம் மிச்சம் இருக்கிறது. துன்புறுத்தல் நடக்கும் வீட்டில் பெரும்பாலும் வறுமையும் இருக்கும், குடியும் இருக்கும், பரம்பரையாக வரும் மனநோயும் இருக்கலாம். பிள்ளையின் ஸ்டெபிலைசர் பழுதானது எதனால்? குழந்தைகளைச் சோதனைக்காகத் துன்புறுத்திப் பார்க்க முடியாது. ஆனால் துன்பத்திலிருந்து எடுத்துப் பார்க்கலாம். ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது, அரசு இல்லங்களில் குழந்தைகள் நிரம்பிக் கிடந்தார்கள். தொட்டில் உண்டு, பால் உண்டு, தூக்கி வைத்துப் பேச ஆள் இல்லை. 2000இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவரும் புகாரெஸ்ட் நகரில் இத்தகைய 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். குலுக்கல் என்பதால் பரம்பரையும் வறுமையும் இரு பக்கமும் சமமாகப் பரவிவிடும். மிஞ்சும் வேறுபாடு வளர்ப்பினால் வந்தது. சுமார் 12 வயதில் இவர்களுக்கு மன அழுத்தச் சோதனை வைத்தார்கள். இல்லங்களில் விடப்பட்டவர்களின் கார்டிசால் ஏற்றம் மழுங்கியிருந்தது. குடும்பத்துக்குப் போனவர்களின் உடல், எப்போதுமே குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளின் உடலைப் போலவே நடந்துகொண்டது. இத்துறையில் எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான சான்று இல்லை.

இந்தத் தொடர் மாறக்கூடிய இன்னொரு காலம், பூப்புப் பருவம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர், குழந்தைப் பருவத்தில் இல்லங்களில் இருந்து பின் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளை ஆண்டுதோறும் ஆய்வகத்துக்கு அழைத்தார். பிள்ளை முன்பின் தெரியாதவர்கள் மதிப்பெண் போட ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தவேண்டும், பிறகு மனக்கணக்கு போடவேண்டும். முன்னும் பின்னும் எச்சில் எடுத்துக் கார்டிசால் அளப்பார்கள். பூப்படைவதற்கு முன் இவர்களிடம் ஏற்றம் இல்லை. பருவ மாற்றம் முன்னேற முன்னேற ஏற்றம் வந்தது, மற்றப் பிள்ளைகளின் அளவை நெருங்கியது. 2019இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது, மூளை முதல் அட்ரினல் வரையிலான அந்தத் தொடர் பூப்புப் பருவத்தில் ஒருமுறை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பதை. இந்தப் பிள்ளைகள் இப்போது பாதுகாப்பான வீட்டில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. உடல் தன்னைத் திருத்திக்கொள்வது அந்த நேரத்துச் சூழலைப் பார்த்துத்தான். 2020இல் 12, 13 வயதில் இருந்தவர்களுக்கு அந்தச் சன்னல் திறந்தபோது எதிரே இருந்தது பூட்டிய வீடு. அது நல்ல வீடாக அமைந்தவர்கள் பிழைத்தார்கள்.

வீடு நல்லதாக இல்லாதவர்களுக்கு வேறு கதி இல்லையா? அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அதே கணக்கெடுப்பிலேயே ஒரு விடை இருக்கிறது. பள்ளியில் தனக்கு நெருக்கமானவர்கள் இருக்கிறார்கள் என்று உணர்ந்த மாணவர்களில் தீராத சோகத்தில் இருந்தவர்கள் 35.4 சதவீதம், அப்படி உணராதவர்களில் 52.9 சதவீதம். இதுவும் ஒரே தாளில் கேட்ட கேள்விதான், காரணத்தை நிரூபிக்காது. ஆனால் ருமேனியாவின் குலுக்கல் காட்டிய திசையும் இதுவே: பிள்ளையைக் கவனிக்கும் ஒரு மனிதர்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சிறுபருவப் பாதகங்களை எண்ணிப் போடும் மதிப்பெண் இப்போது இணையத்தில் வினாடிவினா மாதிரிச் சுற்றுகிறது. அந்த அளவுகோலை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020இல் எச்சரித்தார்: கூட்டத்தைப் பற்றிச் சொல்ல உதவும் எண் அது, தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லாது. நான்கு மதிப்பெண் வாங்கியவர்களில் நன்றாக வாழ்பவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அப்போது வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகளும் அவர்களுக்குச் சற்று மூத்தவர்களும் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் வேலையிலும் இருக்கிறார்கள். கற்றல் இடைவெளியை அளக்க நாம் தேர்வு வைத்தோம். பள்ளி மூடியிருந்த மாதங்கள் வீட்டில் எப்படிப் போயின என்று அவர்களிடம் கேட்டவர்கள் குறைவு. ஆசிரியராக, அத்தையாக, பயிற்சியாளராக, மேலாளராக அவர்களோடு புழங்குபவர்கள் இன்றும் கேட்கலாம். துன்பத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. மனம் தளர்ந்தவர் எந்த வயதினராயினும் 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டும் கட்டணமில்லாதவை, இரவிலும் எடுப்பார்கள்.